வயதான நாய், நாள்பட்ட நோய்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயதான நாய்களைப் பற்றியவை. 'வயசாச்சு, இனி என்ன செய்யறது' என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள். நிறையச் செய்யலாம். சிறுநீரகம், இதயம், சர்க்கரை, மூட்டு எதுவானாலும் மருத்துவர் உங்கள் நாயைப் பார்ப்பது மாதத்தில் ஒரு தடவை, பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் அது உங்கள் கண்ணில்தான் இருக்கிறது. அதனால் வீட்டில் என்ன பார்க்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும் என்பதையே இந்த முறை அதிகம் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் லாப்ரடாருக்கு 12 வயது. நிறையத் தண்ணீர் குடித்தான், இளைத்துக்கொண்டே வந்தான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் 3.4 என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி, வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுத்தார்கள். பயமாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு என்ன கொடுப்பது? கறியே கூடாது என்கிறார் அப்பா. தயிர்சாதம் கொடுத்தால் வாந்தி எடுக்கிறான்.
– வாசகி, காரைக்குடி

பதில்: நாய்களின் சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்போம். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. ரத்தத்தில் அது 2.9-லிருந்து 5.0 வரை இருந்தால் மூன்றாம் நிலை. உங்கள் பையன் அதில் இருக்கிறான். போன சிறுநீரகம் திரும்பி வராது. ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றி, வாந்தியில்லாமல், பசியோடு அவனை வைத்திருக்க முடியும். மாதக்கணக்கில், சில நாய்கள் வருடத்துக்கு மேலும், நன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த பாட்டில். நம் ஊரில் எந்த டிரிப் ஏற்றினாலும் 'குளுக்கோஸ்' என்றுதான் சொல்கிறோம். மருந்துக் கடையில் போய் 'குளுக்கோஸ் பாட்டில்' என்று கேட்டால் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. பெரும்பாலும் மருத்துவர் எழுதித் தருவது ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர். சீட்டைக் காட்டி வாங்குங்கள், வீட்டுக்கு வந்து பாட்டிலில் உள்ள பெயரை ஒரு முறை படித்துப் பாருங்கள். நீர் கலங்கியிருந்தால் வேண்டாம்.

பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வையுங்கள். உங்கள் மணிக்கட்டில் வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. பாட்டிலை ஜன்னல் கம்பியில், நாயின் முதுகைவிட நல்ல உயரத்தில் கட்டுங்கள். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே தோலைத் தூக்கிப் பிடித்தால் அடியில் ஒரு பை மாதிரி இடம் கிடைக்கும். ஊசி அதற்குள் போக வேண்டும். மறுபக்கத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் முதுகு நனையும், அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது ஊசி போடுங்கள். மழுங்கிய ஊசிதான் வலிக்கும், வலித்தால் அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வான்.

நீர் இறங்க இறங்கத் தோளில் ஒரு வீக்கம் வரும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு பக்கமாகச் சரிந்து முன்னங்காலுக்கு வந்துவிடும். கால் வீங்கிவிட்டதே என்று பதற வேண்டாம், நீர் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் ஆகியும் வீக்கம் அப்படியே இருந்தால் அடுத்த பாட்டிலைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். அளவை அவர்தான் எடையை வைத்துச் சொல்ல வேண்டும், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அப்பா சொல்வதில் பாதி சரி. சிறுநீரக நோயில் நாம் முக்கியமாகக் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். அது எலும்பில், ஈரலில், கருவாட்டில், முட்டையின் மஞ்சள் கருவில், பாலிலும் தயிரிலும் நிறைய இருக்கிறது. அதனால் தயிர்சாதம் சைவமாக இருந்தாலும் இவனுக்குத் தினசரி உணவு ஆகாது. அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்தினால் சதை கரைந்து எழுந்து நிற்கவே வலுவில்லாமல் போய்விடுவான். நன்றாக வேகவைத்த முட்டை வெள்ளைக் கருவும், எலும்பில்லாத கோழிக்கறி கொஞ்சமும், குழைந்த சாதமும், சுரைக்காய் அல்லது பூசணியும் வைத்து ஆரம்பியுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது. இது முழுமையான உணவு ஆகாது. கூட என்ன சத்து மருந்து சேர்க்க வேண்டும், பாஸ்பரஸைக் கட்டும் மருந்து வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்தைச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் வேலை செய்யும். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் தயார் உணவு இன்னும் நல்லது, விலைதான் அதிகம். எதற்கு மாறினாலும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வாந்தி எடுக்கிற நாளில் புது உணவை வைக்காதீர்கள், வாந்தியையும் அந்த உணவையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு தொடவே மாட்டான். வாந்திக்கு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வைத்தால் வாசனைக்காகவே சாப்பிடுகிற நாய்கள் உண்டு.

தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள். 'நிறையக் குடிக்கிறான், வீடெல்லாம் நனைக்கிறான்' என்று பாத்திரத்தை எடுத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வீணாகிற நீரை ஈடுகட்டத்தான் அவன் குடிக்கிறான். காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலை மிச்சத்தை அளந்து எழுதுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அதிகம் என்று கணக்கு. வாரம் ஒரு முறை எடை. லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏற முடியாது, பக்கத்து அரிசிக் கடையின் மேடைத் தராசில் நிற்க வைத்தால் போதும். என்னிடம் வரும் ஒரு பெரியவர் பள்ளிக்கூட நோட்டில் கட்டம் போட்டு, தண்ணீர், எடை, வாந்தி, சாப்பிட்ட அளவு என்று நான்கு வரிசை எழுதிக்கொண்டு வருவார். அந்த நோட்டைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்பே மருந்தை எப்படி மாற்றலாம் என்று எனக்கு ஓரளவு பிடிபட்டுவிடும்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 11 வயது. இதய வால்வு கசிகிறது, இதயம் பெரிதாகியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. பிமோபென்டான் மாத்திரை கொடுத்தோம், இப்போது இருமல் குறைந்துவிட்டது. மாத்திரை விலை அதிகம், நிறுத்தலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. இருமல் குறைந்ததால் வால்வு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 2016-இல் வெளியான எபிக் என்ற பெரிய ஆய்வில், இதயம் பெரிதாகி, ஆனால் இன்னும் இதயம் செயலிழக்காத நாய்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத நாய்களோடு ஒப்பிட்டால் இதயம் செயலிழக்கும் நிலை ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. வயதான நாய்க்கு 15 மாதம் மிகப் பெரிய காலம். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வேறு கம்பெனி மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் கொடுப்பது நல்லது.

உங்கள் கையில் இருக்கும் சிறந்த கருவி மூச்சு எண்ணுவது. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். ஏதோ ஒரு நாள் கனவு கண்டு வேகமாக மூச்சுவிட்டால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் அன்றே போன் செய்யுங்கள். உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினாலோ, நாக்கும் ஈறும் நீலம் பாய்ந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். பிற்பாடு நீர் இறக்கும் மாத்திரை சேர்த்தால் இரவில் ஒரு முறையாவது வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சோடு மாட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாயும் வயதில் தளர்ந்துபோவது உண்டு, பட்டையை இழுத்தாலே இருமும். அப்பளம், ஊறுகாய் தொட்ட சாதம், சிப்ஸ், உப்பு பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பேரப்பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ராஜபாளையம் நாய், 10 வயது. பின்னங்கால் எழவில்லை, எழும்போது முனகுகிறது. அம்மா மூட்டு வலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
– வாசகர், சிவகாசி

பதில்: வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் குடலில் புண் போட்டு ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு கொஞ்சம் தவறினால் ஈரலைப் பிடித்துக்கொள்ளும். மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் போட்ட காலத்தில், செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால்தான் 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தே தடை செய்யப்பட்டது. நாய்களுக்கென்றே மூட்டு வலி மருந்துகள் இருக்கின்றன. சிறுநீரகம், ஈரல் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிட்டு மருத்துவர் எழுதுவார். ஸ்டீராய்டு ஏதும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

அதற்குள் வீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கி வழுக்கியே பல கிழ நாய்கள் எழுந்திருக்கும் ஆசையை விட்டுவிடுகின்றன. அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை ரப்பர் பாய் அல்லது சாக்கு விரித்து ஓரங்களில் ஒட்டிவிடுங்கள். நகத்தை வெட்டுங்கள். எழும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி உதவுங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள், மருந்துக்குச் சமமாக அது பலன் தரும். ஒரே மூச்சில் நீண்ட தூரம் நடத்தாமல், சிறு சிறு நடையாக, வெயிலுக்கு முன் கூட்டிப்போங்கள்.

படுத்தே இருக்கிற நாய்க்கு முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் தோல் உரியும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். நம் ஊர் ஈ பொல்லாதது. ஒரு சின்னப் புண் போதும், முட்டை இட்டுப் புழு வைத்துவிடும். வாலுக்கடியையும் காதையும் தினமும் விலக்கிப் பாருங்கள். துர்வாடை வந்தால் புழு என்று சந்தேகியுங்கள். பாச்சை உருண்டையைத் தூளாக்கிப் போடுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பழைய பழக்கம், இரண்டும் விஷம். கூட்டி வாருங்கள், சுத்தம் செய்து மருந்து போட்டுவிடலாம்.

கேள்வி: 9 வயதுப் பெண் நாய்க்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறோம். கண் வெண்மையாகிவிட்டது. ஒரு நாள் தள்ளாடி விழுந்தாள். ஊசி அளவில் தவறு இருக்குமா? கருத்தடை செய்யவில்லை.
– வாசகி, சேலம்

பதில்: சிரிஞ்சை எடுத்துப் பாருங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. பாட்டிலில் ஒன்று எழுதியிருக்க, கையில் மற்றது இருந்தால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும். தள்ளாடியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், சாப்பிடாமல் ஊசி போட்டதும் காரணமாக இருக்கலாம். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். சாப்பிடவில்லை என்றால் ஊசி போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். மறுபடி தள்ளாடினாலோ நடுங்கினாலோ தேனை விரலில் எடுத்து ஈறில் தேயுங்கள். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். தேய்த்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

கண் வெண்மை சர்க்கரையால் வந்த புரைதான், நாய்களுக்கு இது சீக்கிரம் வரும். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் அறுவை செய்ய வழி உண்டு. கருத்தடையைப் பற்றி அவசியம் பேசுங்கள். பருவத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் இன்சுலின் பிடிக்காமல் போகும். கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் வயதில் கூடும். பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, தண்ணீர் அதிகம் குடித்து, பின்பக்கம் கசிந்தால் அது அவசரம். கசிவு இல்லாமலும் சீழ் உள்ளேயே தேங்கும்.

கேள்வி: 14 வயது நாட்டு நாய். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. பகலெல்லாம் தூங்குகிறது. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள்.
– வாசகி, சென்னை

பதில்: முதுமையில் மனிதர்களுக்கு மறதி வருவதுபோல நாய்களுக்கும் வரும். ஆனால் அதுதான் என்று முடிவு செய்யுமுன் வலி, சிறுநீர் முட்டுதல், ரத்த அழுத்தம், காது, கண் எல்லாவற்றையும் பரிசோதிக்க வேண்டும். படுக்குமுன் வெளியே கூட்டிப்போங்கள், படுக்கும் இடத்தில் சின்ன இரவு விளக்கு போடுங்கள், நாற்காலி மேசையை இடம் மாற்றாதீர்கள். சாயங்காலம் நன்றாக நடக்க வைத்து, பகல் தூக்கத்தைக் கொஞ்சம் கலையுங்கள். மறதிக்கு மாத்திரையும் உண்டு. திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல்தான் அது கத்துகிறது, நீங்கள் போய்த் தொட்டால் பல நாய்கள் அடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் ரோசிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்கிறார்கள். எழவில்லை, நான்கு நாளாக எதையும் தொடவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் மருத்துவர். பாவம் சேரும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இது பாவம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தானாகச் சாப்பிடுகிறதா, உங்கள் குரலுக்கு வால் அசைகிறதா, நனைத்த இடத்திலிருந்து நகர முடிகிறதா, வலியில்லாமல் தூங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகமுள்ளவர்களிடம் தினசரி காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு ஒரு குறி போடச் சொல்வேன். கெட்ட நாட்கள் தொடர்ந்து அதிகமானால் குறியே சொல்லிவிடும். ரோசி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் மயக்க ஊசி போட்டு ஆழ்ந்து தூங்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நரம்பில் மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துவார்கள், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தபடியே இருக்கலாம், கடைசியில் ஒரு மூச்சு இழுக்கலாம், சிறுநீர் போகலாம். அப்போது அதற்கு நினைவு இருக்காது. வீட்டுக்கே வந்து செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் யாராவது ஒருவர் அருகில் இருங்கள். என் சொந்தக் கன்னி இன நாய்க்கு நான் ஊசி போடவில்லை, உடன் படித்த நண்பரைக் கூப்பிட்டேன், அவள் தலையை நான் மடியில் வைத்திருந்தேன். வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் 'ஊருக்கு அனுப்பிவிட்டோம்' என்று பொய் சொல்லாதீர்கள். மாமியாரிடம், நீங்கள் எல்லோரும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லுங்கள். அவரும் ரோசிக்குச் சோறு வைத்தவராகத்தான் இருப்பார்.

கேள்வி: 13 வயது நாய்க்கு, வெளியே போகாத நாய்க்கு, இன்னும் ரேபிஸ் ஊசி வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டும், வருடா வருடம். கதவு திறந்திருக்கும்போது தெருநாய் உள்ளே வர ஒரு நிமிடம் போதும். எலி நடமாடும் வீடானால் எலிக் காய்ச்சல் ஊசியையும் விடாதீர்கள், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து அது பரவும், வயதான நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் ஒரே வாரத்தில் சாய்த்துவிடும். காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கும் நாளில் மட்டும் ஊசியைத் தள்ளிப்போடலாம். அரசுக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். போகும்போது பழைய தடுப்பூசி அட்டையையும், இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப்போங்கள்.